சீல் உடையாத பெட்டி

அத்தியாயம் 19

"அண்ணியை ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீர்கள்?" என்று போன வாரம் ஏழெட்டுப் பேர் கடிதம் எழுதிவிட்டீர்கள். நான் எங்கே வதைத்தேன்? பெட்டியைத் திறந்தது அவள் கை. உள்ளே கிடந்த சீட்டை எழுதியதும் அவள் கை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மதியம், தோல் கிளினிக்கில் மற்ற எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். நம் அண்ணி அங்கே பதினோரு வருடமாக நர்ஸ். அவளுடைய நாத்தனார், வீட்டில் 'சப்பை' என்று கூப்பிடப்படும் பெண், மூக்கை எடுப்பாக்கிக்கொள்ள ஃபில்லர் ஊசிக்கு வந்து படுத்தாள். நீட்டிய படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அண்ணி பக்கத்தில் நிற்கும்போது எதற்குப் படிக்க வேண்டும்? டாக்டரம்மா ஊசியை இறக்கி ஜெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே, "அண்ணி, வலது கண்ணு இருட்டுது" என்றாள்.

ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துவிட்டது. அதைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அண்ணி ஓடிப்போய் அவசரப் பெட்டியின் சீலை வெட்டினாள். மருந்து இருக்க வேண்டிய குழியில் ஒரு சீட்டு இருந்தது: 'கரைக்கும் மருந்து ஃபிரிட்ஜில்.' ஃபிரிட்ஜில் முகத்துக்குப் பூசும் களிம்புகளும் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் இருந்தன.

வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மருந்து பைக்கில் வந்து சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது. அங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

இன்று புதன்கிழமை.

கண் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஜன்னலோரக் கட்டிலில் சப்பை உட்கார்ந்திருக்கிறாள். மூக்கின் மேல் ஈரத் துணிக்கட்டு. கட்டுக்கு வெளியே, வலது கன்னத்தின் ஓரத்தில், வலை பின்னியதுபோல் ஊதாக் கோடுகள். நேற்று ஊதாவாக இருந்த மூக்கு நுனி இன்று காலை கறுக்கத் தொடங்கியிருப்பதைக் கட்டு மாற்றும்போது அண்ணி பார்த்தாள். அவளிடம் சொல்லவில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சப்பை இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். இரண்டு நாளாக இதே வேலை.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

"கறுப்பா இருக்கா?"

"கறுப்புகூட இல்ல அண்ணி. கறுப்புன்னா அதுவும் ஒரு நிறமாச்சே. இது ஒண்ணுமே இல்ல. முதுகுப் பக்கம் என்ன தெரியும் நமக்கு, அந்த மாதிரி."

அண்ணி அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

இந்தப் பெண் மூக்குக்கு ஆசைப்பட்ட கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'அழகுக்கு அலைந்தாள், அனுபவிக்கிறாள்' என்று எழுதிவிடுவீர்கள். அடுத்த மாதம் முதல் தேதி அவள் பஸ் ஓட்டப் போகிறாள். கனரக வாகன லைசென்ஸ் வாங்கி, எட்டு மாதம் பயிற்சி முடித்து, அந்த டிப்போவின் முதல் பெண் டிரைவராக வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டது. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு டிப்போ வாசலில் பலகை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

படம் எடுக்க வேண்டும் என்றதும் போனில் தன் முகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். விரலால் இழுத்தால் மூக்கை எடுப்பாக்கிக் காட்டும் வித்தை இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறதே. இழுத்தாள். பிடித்துப்போனது. அண்ணியிடம் நீட்டி, "இந்த மாதிரி வருமா?" என்று கேட்டாள். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித் தங்கள் முகத்தையே திருத்திக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். 'வராது' என்று ஒருவரிடமும் அங்கே யாரும் சொல்வதில்லை.

சப்பை என்ற பெயர் அவளுக்கு மூன்று வயதில் அண்ணன் வைத்தது. கூப்பிட்டால் இருபத்து நான்கு வருடமாகச் சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிக்கிறாளே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். வலிக்கிறதா என்று ஒரு வாய் கேட்டதில்லை.

ஒன்பதரை மணிக்கு அண்ணன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு கட்டடங்கள் அவன் பொறுப்பு. முழங்கை வரை கிரீஸோடு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

"சப்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்றான்.

"பிரெட் சாப்பிட்டேன்."

கண் டாக்டர் பின்னாலேயே வந்தார். வயதானவர், நிதானமானவர். டார்ச்சை இடது கண்ணில் காட்டினார், வலது கண்ணில் காட்டினார், மறுபடி இடதில். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்று கண் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் சுருங்க வேண்டும். வலது கண் பாப்பா அகலமாகவே இருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்ககிட்ட மூடி மறைக்க விரும்பலம்மா," என்றார் டாக்டர். "வலது கண்ணுல இனிமே பார்வை வராது."

சப்பை தலையை ஆட்டினாள். ஏதோ ஸ்டாப் எங்கே என்று கேட்டதற்குப் பதில் கிடைத்ததுபோல.

"பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"சொந்த வண்டி, கொஞ்ச மாசம் பழகினா ஓட்டலாம். தூரத்தைக் கணிக்கிறது முதல்ல கஷ்டமா இருக்கும். ஆனா பயணிகளை ஏத்திக்கிட்டு..." அவர் முடிக்கவில்லை.

"ரெண்டு கண்ணும் வேணும்."

"ஆமாம்மா."

அண்ணன் கிரீஸ் கையைப் பேண்ட்டில் துடைத்தான். "டாக்டர், அந்தக் கரைக்கிற மருந்தை உடனே போட்டிருந்தா?"

"கண்ணைப் பத்திச் சொல்ல முடியாது. ரத்தம் நின்னா ஒன்றரை மணி நேரம் தாங்கும்னு ஒரு கணக்கு. அதுக்குள்ள போட்டும் திரும்பாதவங்க நிறைய. ஒண்ணு ரெண்டு பேருக்குத் திரும்பியிருக்கு. மூக்கு வேற விஷயம். உடனே போட்டிருந்தா தோல் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். இப்போ நுனி உதிரும். தழும்பு விழும்."

"அவ்வளவு பெரிய கிளினிக்ல அந்த மருந்து ஏன் இல்ல?"

"அதை அங்கேதான் கேட்கணும். நாளைக்குப் பத்து மணிக்குச் சுகாதாரத் துறையிலேருந்து இங்கே விசாரணைக்கு ஆள் வர்றாங்க. இந்த மாதிரிக் கேஸை நாங்க எழுதி அனுப்பணும், அது விதி." டாக்டர் கிளம்பினார்.

அண்ணி சலைன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

சப்பைதான் முதலில் பேசினாள். "கண்ணை வித்துச் சித்திரம் வாங்குறதுன்னு சொல்வாங்கல்ல அண்ணா? எனக்குச் சித்திரமும் கிடைக்கல." சிரிக்கப் பார்த்தாள். மூக்கு வலித்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த டாக்டரம்மாவை நான் விடப்போறதில்ல," என்றான். பிறகு மனைவியிடம், "நீதான் அங்கே எல்லாம் தெரிஞ்சவ. நாளைக்கு நீதான் சொல்லணும்," என்றான்.

"ம்," என்றாள் அண்ணி.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னார். அண்ணி போனாள்.

கிளினிக் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. வரவேற்பறையில் மூன்று பெண்கள் முகத்தில் மரப்புக் களிம்பு பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் 'முன்பு, பின்பு' படங்கள். பின்புகள் எல்லாம் பளபளவென்று இருந்தன.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். மூன்று நாளில் அவருக்கு வயது ஏறிவிட்டது. அவரைக் கொடுமைக்காரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆயிரக்கணக்கில் ஊசி போட்டவர். ஃபில்லர் போடத் தொடங்கிய ஆறு வருடத்தில் ஒருமுறையும் நடக்காதது இனியும் நடக்காது என்று நம்பியவர், அவ்வளவுதான்.

"கண்ணு?"

"போயிடுச்சு மேடம்."

டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து நீல அட்டை போட்ட ரெஜிஸ்டரை எடுத்து மேஜையில் வைத்தார். 'அவசரப் பெட்டி – வாரச் சோதனை.'

அண்ணிக்கு அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. நான்கு கட்டங்கள்: தேதி, சீல் எண், நிலை, கையெழுத்து. பெட்டிக்கு ஆரஞ்சு நிறத்தில் எண் போட்ட பிளாஸ்டிக் சீல் இருக்கும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். சீல் உடையாவிட்டால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று பொருள். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். உள்ளே இருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை என்று சீல் சொல்லும். எடுக்க உள்ளே ஏதாவது இருந்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஃபிரிட்ஜுக்கு அந்த ரெஜிஸ்டரில் கட்டமே கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய் இரண்டு நாள் சூடாகக் கிடந்தது. குளிர் விட்டுப்போன மருந்தை வைத்திருக்கக் கூடாது என்று கரைக்கும் மருந்துக் குப்பிகளை எடுத்து அப்புறப்படுத்தியவள் அண்ணிதான். சரியான காரியம். புதிதாக வாங்க வேண்டும் என்று டாக்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'அடுத்த மாசம் மத்ததோட சேத்துப் போடலாம்' என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அந்தச் செய்தி இன்னமும் இருவர் போனிலும் இருக்கிறது.

"உங்க செய்தி என்கிட்ட இருக்கு சிஸ்டர். நான் மறுக்கல," என்றார் டாக்டரம்மா. "ஆனா அதுக்கப்புறம் முப்பத்தி நாலு வாரம் நீங்க 'சரி'ன்னு போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்."

"நாளைக்கு இதைக் கேட்பாங்க. இது அவங்க கைக்குப் போனா நாம ரெண்டு பேரும் மாட்டுவோம். இது இல்லைன்னா, மருந்து தீர்ந்துபோச்சு, வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுன்னு நிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களைக் கிழிக்கச் சொல்லல. பொய் எழுதச் சொல்லல. இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இங்க இல்லைன்னா, இல்ல. அவ்வளவுதான்."

"அது என் நாத்தனார் மேடம்."

"அதனாலதான் சொல்றேன். உங்க வீட்டுக்குள்ள இது போனா என்ன ஆகும்னு யோசிங்க. ரெஜிஸ்டரைக் காட்டினா கண்ணு வந்துடுமா?"

வராது. அதுதான் அண்ணியின் வாயை அடைத்தது. ரெஜிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டாள். போகும் வழியில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தாள். மேல் தட்டில் பத்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. நேற்று வந்தவை.

மாலை நான்கு மணி. பார்வையாளர் நேரம். சப்பை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார்கள்.

"நாளைக்கு அவங்களுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் ஒழுங்கா அடுக்கணும்," என்றான் அண்ணன். "அந்தப் பையைக் கொடு."

அண்ணி நினைத்திருந்தால் சீட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். பையோடு நீட்டினாள். நீட்டும்போதே அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லாதவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

அவன் நீல அட்டையை எடுத்தான், திறந்தான். சோதனைப் புத்தகம் அவனுக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு லிஃப்ட்டிலும் அவன் எழுதுகிற புத்தகம்தான் இது. இயந்திர அறையைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆட்களைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறான். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

விரலைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம்.

"நம்பர் மாறவே இல்ல."

"ம்."

"அப்படின்னா இதை யாரும் திறக்கவே இல்ல."

"சீல் உடையலைன்னா திறக்க மாட்டோம். அதான் வழக்கம்."

"கையெழுத்து உன்னோடது."

"ஆமாங்க."

அவன் புத்தகத்தை மூடினான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். "மருந்து இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் தூக்கிப் போட்டேன். முதல் மாசம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஞாபகம் வரும். ரெண்டு தடவை மேடம்கிட்ட நேர்லயும் கேட்டேன். அப்புறம்..." அவள் முந்தானையைக் கசக்கினாள். "அப்புறம் மறந்துபோச்சுங்க. சரி, சரின்னு எழுத எழுத, சரியாத்தான் இருக்குன்னே ஆயிடுச்சு."

"இதை வச்சுக்கிட்டுதான் என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சே."

அவள் சப்பையின் முதுகைப் பார்த்தாள்.

"காலையில அந்த டாக்டரம்மாவை விட மாட்டேன்னு சொன்னேன். பக்கத்துல நின்னு 'ம்'னு சொன்னே."

அவன் ரெஜிஸ்டரைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனான். எங்கே போவதென்று தெரியாமல் லிஃப்ட் முன்னால் போய் நின்றான். கதவு திறந்தது, மூடியது. அவன் ஏறவில்லை.

"அண்ணி."

சப்பை தூங்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். அதை எடுத்து வாசிங்க."

"எதுக்கு இப்போ..."

"வாசிங்க அண்ணி. மருந்து தூக்கிப் போட்டதுக்கு அப்புறம் வந்த வாரத்துலேருந்து."

அண்ணி பக்கத்தைத் தேடி எடுத்தாள். சப்பை உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இப்போது அவளுக்கு அறையும் இல்லை, ஜன்னலும் இல்லை, அண்ணியின் முகமும் இல்லை. குரல் மட்டும்தான்.

"ஏழாம் தேதி. நாலு பூஜ்யம் ஏழு ஒன்பது ரெண்டு. சரி." அண்ணி விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "பதினாலாம் தேதி. நாலு பூஜ்யம் ஏழு ஒன்பது ரெண்டு. சரி."

"ம். வாசிங்க."

"இருபத்தி ஒண்ணு. நாலு பூஜ்யம் ஏழு ஒன்பது ரெண்டு. சரி."

பன்னிரண்டாவது வரியில் மேஜை மேல் சப்பையின் போன் அதிர்ந்தது. டிப்போ. சீருடை தைத்து வந்துவிட்டது, அளவு பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காலையிலிருந்தே கூப்பிடுகிறார்கள். அது அதிர்ந்து அதிர்ந்து ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அண்ணி பதின்மூன்றாவது வரியை வாசித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் ஏதோ கணக்கு ஒப்பிக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இருபதாவது வரிக்குப் பிறகு அண்ணியின் கண்ணீர் தாளில் விழுந்தது. சப்பைக்கு அது தெரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை. ஒரு வரியைக்கூட விட அனுமதிக்கவில்லை. ஒரு இடத்தில் அண்ணி தாண்டப் பார்த்தபோது, "அந்த மாசம் அஞ்சு திங்கட்கிழமை வந்துச்சே," என்றாள்.

"கடைசி வரி," என்றாள் அண்ணி.

"ம்."

"இந்த வாரம். திங்கட்கிழமை. காலையில ஒன்பது மணி. நாலு பூஜ்யம் ஏழு ஒன்பது ரெண்டு." நிறுத்தினாள். "சரி."

"நான் மதியம் வந்தேன்."

"ஆமாம்மா."

"ஊசியைப் பாத்ததும் பயமா இருக்குன்னு சொன்னேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் இருக்கேன்ல'ன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அண்ணி ரெஜிஸ்டரை மூடிப் போர்வையின் மேல் வைத்தாள். சப்பை கண்ணிலிருந்து கையை எடுத்தாள். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அண்ணியை நேராகப் பார்த்தாள். எட்டிய கை ரெஜிஸ்டருக்கு ஒரு விரல் தூரம் முன்னாலேயே போர்வையைத் தொட்டது. தடவி, கண்டுபிடித்து, எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வந்தா என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கிறேன்."

"நானே சொல்லிடறேன்மா. எல்லாத்தையும் நானே..."

"வேணாம் அண்ணி," என்றாள் சப்பை. "நீங்க சொன்னா அதுவும் சரின்னுதான் வரும்."

அண்ணி வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.